பக்கிரிசாமியின் ரத்தம் போகும் வழி

அடுத்தவர் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் அக்கம்பக்கத்து வீட்டுக் கதைகளையெல்லாம் தோண்டித் துருவி, "கௌசலா, உனக்கேன் இந்தத் தேவையில்லாத ஆராய்ச்சி?" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்தவளுக்கு இதைவிடத் தோதான வேலை அமைந்திருக்காது.

கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் ஸ்கேன் அறையில் எப்போதும் அரை இருட்டும் குளிரும்தான். சாதாரண ஸ்கேன் உறுப்பைக் காட்டும். என்னிடம் இருக்கும் டாப்ளர், உள்ளே ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் காட்டும். கருவியை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம். இத்தனை வருஷமாகியும் அந்த நிறங்களைப் பார்த்து எனக்கு அலுக்கவில்லை.

அன்று காலை கதவைத் திறந்து, "பக்கிரிசாமி!" என்று கூப்பிட்டேன். அந்தப் பேருக்கு ஒரு கிழவர் தடியூன்றி வருவார் என்று நினைத்தேன். எழுந்து வந்தவருக்கு நாற்பதுகூட இருக்காது. போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். அவரை ஒட்டியே அவர் மனைவி லோகேஸ்வரியும் உள்ளே நுழைந்தாள்.

"நீங்க வெளிய உட்காருங்கக்கா."

"நானும் பார்க்கணும். இவரு குடிக்கிறாரா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன். குடின்னு தெரிஞ்சா மகள கூட்டிக்கிட்டு சாலாக் செலாத்தானுக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

விதிப்படி அவளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் இப்படி ஒரு பேச்சைப் பாதியில் விட்டு விதியைப் பார்க்கிற ஆள் நானில்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

விஷயம் இதுதான். போன வாரம் வேலையிடத்தில் பக்கிரிசாமி ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால், உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்துக் கிடந்தன. அவற்றை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலும் கெட்டுப்போன கல்லீரலால் வருவது இது. கல்லீரல் ஏன் கெட்டது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை, குடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன்.

"நான் தொட்டதே இல்ல மிஸ்," என்றார் பக்கிரிசாமி, சட்டையைத் தூக்கிக்கொண்டே. "மாரியம்மன் முன்னால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன்."

"எங்கப்பாவும்தான் கற்பூரம் அடிச்சாரு," என்றாள் லோகேஸ்வரி. "சம்சு குடிச்சுக் குடிச்சு வீட்டையே அழிச்ச மனுசன். திடீர்னு விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணாரு. நாங்களும் நம்பினோம். ரெண்டு வருஷம் கழிச்சு இதே மாதிரி ரத்தமா கக்கினாரு. திருட்டுத்தனமா குடிச்சிருக்காருன்னு அப்பத்தான தெரிஞ்சது. அதுக்கப்புறம் அவரு கட்டில் பக்கமே நான் போகல. செத்தப்பகூட எனக்கு அழுகை வரல."

பக்கிரிசாமி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி. "கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா மிஸ்?" என்றார்.

"முடிஞ்சதும் குடிக்கலாம்ணே. மூச்சை இழுத்துப் பிடிங்க."

பாகற்காய் மாதிரி முண்டும் முடிச்சுமான கல்லீரலைத்தான் எதிர்பார்த்தேன். திரையில் வந்ததோ வழவழவென்று நல்ல கல்லீரல். எனக்கு நம்பிக்கையில்லை. பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லிப் பார்த்தேன், விலா இடுக்கு வழியாகப் பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்ணீரல் மட்டும் பெருத்திருந்தது.

அப்புறம் பெரிய குழாயைத் தேடினேன். குடலிலிருந்து வரும் ரத்தத்தைக் கல்லீரலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய் அது, விரல் தடிமன் இருக்கும். தேடாமலே கண்ணில் படும். இவருக்கு அது இல்லை. அந்த இடத்தில் மெல்லிய குழாய்கள் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடந்தன. நிறத்தைப் போட்டதும் சிவப்பும் நீலமுமாக மினுமினுத்தன. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் அன்றுதான் பார்த்தேன். சந்தோஷப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் துள்ளியது.

இரைப்பையை ஒட்டி வரும் ஒரு நாளத்தைப் பிடித்து மேலே போனேன். அதில் ரத்தம் கீழே இறங்கி வர வேண்டும். அதுவோ எதிர்ப்பக்கமாக, உணவுக்குழாயைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. ஒலியைத் திறந்துவிட்டேன். மழைக்கு முந்திய காற்று மாதிரி ஓர் இரைச்சல்.

"அது என்ன சத்தம்?" லோகேஸ்வரி எழுந்து திரையருகே வந்தாள்.

"ரத்தம் ஓடுற சத்தம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "கல்லீரலுக்குப் போற வழி அடைச்சிருக்கு. அதான் வேற வழியா மேல ஏறுது."

படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "ஃபெடரல் ஹைவே ஜாம்னா நாங்க கிராமத்துப் பக்கம், கம்பத்து ரோட்டுல பூந்து போற மாதிரியா மிஸ்?"

"அதே மாதிரிதான்ணே."

"கம்பத்து ரோடு லோரிய தாங்காது லா."

"தாங்காமத்தான் போன வாரம் உடைஞ்சிருக்கு."

"அடைச்சது எது? குடிதானே?" என்றாள் லோகேஸ்வரி.

இப்போது வாயை மூடிக்கொண்டேன். முடிவைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் நல்ல கல்லீரலுக்கு வெளியே வழி மட்டும் எப்படி அடைத்தது என்ற கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. கூடவே காலையிலிருந்து நாக்கு நுனியில் நின்ற கேள்வி வேறு. அதைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு ஏன் இந்தப் பேரு வச்சாங்க? இந்தக் காலத்துல யாரும் வைக்க மாட்டாங்களே?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க மிஸ். கைக்குழந்தையில எனக்குத் தொப்புள்ல சீழ் பிடிச்சு, பயங்கரக் காய்ச்சலாம். பிழைக்காதுன்னு சொல்லிட்டாங்களாம். அம்மா பினாங்கு தர்காவுக்கு நேர்ந்துக்கிட்டாங்க. புள்ள பிழைச்சா பக்கிரின்னு பேரு வைக்கிறேன்னு. பிழைச்சிட்டேன். வேற பேரு வைக்க முடியுமா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. காலையில் நான் வாய்விட்டுக் கூப்பிட்ட பேரிலேயே பதில் இருந்திருக்கிறது.

டாக்டர் கமலநாதனைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து, கருவியைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். தொப்புள் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு லோகேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"லிவர் நல்லா இருக்கும்மா. பிளட் டெஸ்டும் கிளியர். இது குடியால வந்தது இல்ல. குழந்தையில தொப்புள்ல இருந்த கிருமி உள்ள போய், ரத்தம் உறைஞ்சு, மெயின் வெயின் அடைச்சிருக்கணும். இவ்வளவு நாளா ரத்தம் குறுக்கு வழியில போயிருக்கு. வளையம் போட்டுப் போட்டு அடக்கிடலாம், பயப்படாதீங்க."

பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இனி அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், மூட்டையைப் பிரிப்பாள் என்று எதிர்பார்த்துப் பார்த்தேன். அவள் கணவரைப் பார்க்கவே இல்லை. இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், குடிச்சு இப்படி வீங்கினவங்க குடிய விட்டுட்டா, இது வத்திடுமா?"

"சிலருக்குக் குறையும். சிலருக்கு விட்டு வருஷக்கணக்கானாலும் அப்படியே இருக்கும்மா. திடீர்னு வெடிக்கவும் செய்யும்."

"ஒரு சொட்டுகூடக் குடிக்காமலா?"

"குடிக்காமலே."

டாக்டர் போய்விட்டார். நான் பக்கிரிசாமியின் வயிற்றிலிருந்த பசையைத் துடைத்துவிட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "இப்ப நம்புறியா?" என்று மெல்லக் கேட்டார்.

லோகேஸ்வரி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். அதை அவர் கையில் வைத்து, "குடிங்க," என்றாள். அவர் குடித்து முடிக்கும்வரை பாட்டிலின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பா பொய் சொல்லலங்க," என்றாள் அழுதுகொண்டே. "கடைசியா என்னைக் கூப்பிட்டுத் தண்ணிதான் கேட்டாரு. நான் குடுக்கல."