கம்பு வட்டத்துக்கு வெளியே பெய்த நாட்கள்

1936 ஐப்பசியில் பதினொரு நாள் விடாமல் அடைமழை பெய்தபோது, ஓடைக்கரைப்பட்டியில் நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊர் நெற்களத்தின் நடுவே ராக்கையா நின்று கம்பு சுற்றிய இடம். அவரைச் சுற்றி எட்டு முழ அகலத்துக்கு மண் புழுதியாகவே கிடந்தது. கோழி ஒன்று கம்புக்கடியில் நுழைந்து அந்தப் புழுதியில் புரண்டுவிட்டுப் போனதைப் பலர் பார்த்தார்கள். கம்பு சுற்றத் தெரிந்தவன் மேல் மழை விழாது என்று ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வாரம் தாய்மார்களுக்கு இருந்த ஒரே குறை வேறு. வட்டத்தின் ஓரத்தில் நின்று படித்த பிள்ளைகள் இரண்டு மடங்கு நனைந்து, சளி பிடித்து வீடு திரும்பினார்கள்.

ராக்கையா பெரியாற்று வாய்க்காலில் முப்பது வருஷம் மடை திறந்து அடைக்கும் வேலை பார்த்தவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்த மடையை அடைத்தால் எந்த வயல் நிரம்பும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்று நின்று ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மடங்க மறுத்தது. பெரியகுளத்து வைத்தியர் எண்ணெய் எதுவும் தரவில்லை; உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவர் வம்சத்தில் ஆண்கள் யாரும் அறுபத்து மூன்றைத் தாண்டியதில்லை. அப்பா, பெரியப்பா, அண்ணன்கள் இரண்டு பேர், எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி அந்த வயதில் போனவர்கள். மிச்சமிருந்த ஐந்து வருஷத்தையும் கட்டிலில் கிடந்து கழிக்க அவருக்கு மனமில்லை. இளவட்டமாக இருந்தபோது கற்றுக்கொண்ட சிலம்பம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வயதில் ஒற்றை ஆளாகக் களத்தில் கம்பு சுற்றினால் ஊர் சிரிக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் வாத்தியார் ஆன கதை இவ்வளவுதான். பின்னால் மற்றவர்கள் சொன்னதெல்லாம் சோடனை.

அந்த விசயதசமிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் கம்பைக் கையில் வாங்கினார்கள். அந்தப் பக்கத்தில் சிலம்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் சுற்றிக்காட்டும்போது அவர் கம்பின் காற்று படிக்கிற பிள்ளையின் மேல் படவேண்டும். காற்றுப் படாதவனுக்கு வித்தை ஏறாது. ஆகவே பிள்ளைகள் வட்டத்தின் ஓரத்தை ஒட்டி நிற்பார்கள். கம்பு கண்ணில் பட்டுவிடுமோ என்று மற்றவர்கள் ஓரடி தள்ளி நிற்க, மலைச்சாமியின் மகன் சுருளி மட்டும் கம்பு நுனி மூக்கை உரசுகிற இடத்தில் போய் நிற்பான். ஆறு வயதுப் பொடியன். எதிர்வீடு என்பதால் காலையும் மாலையும் முதல் ஆளாக வந்துவிடுவான். ராக்கையாவுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு அடி எடுத்துவைக்கும் கால் சுவடு சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் முழங்கால் வலி இருந்ததே மறந்துபோகும் என்று மனைவி சோணையம்மாளிடம் அடிக்கடி சொன்னார்.

மூன்று வருஷம் கழிந்தது. ராக்கையாவின் மீசையில் நரை கூடவில்லை. ஐம்பத்தெட்டில் விழுவதற்காக ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. சோணையம்மாளுக்குத் தலை வெளுத்தது, கண் மங்கியது; எங்கே போனாலும் இவர் என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறார் என்று தண்ணீர்க் குடத்தோடு நின்று குறைப்பட்டாள். எதிர்வீட்டில் வேறு சங்கதி நடந்தது. இருளம்மாள் ஒவ்வொரு பொங்கலுக்கும் மகன் சுருளியைக் கதவு நிலையோடு நிறுத்தி, தலைமட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுவாள். கீறல்கள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டப் போயின. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குக் கிழிந்தது. கம்பு பிடித்தால் பிள்ளை வளரும் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டு, தன் பிள்ளைகளையும் கிட்டத்தில் போய் நிற்கச்சொல்லி விரட்டியது. மற்ற பிள்ளைகளும் ஒரு விரற்கடை இரண்டு விரற்கடை கூட வளர்ந்தார்கள்தான். முன்னால் நின்று வாங்கிக்கொண்டவன் சுருளி ஒருவனே.

மலைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் உலகச் சண்டை நடந்த காலத்தில் அவர் பட்டாளத்துக்குப் போய் நின்று, இரண்டு அங்குலம் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அதன்பிறகு கல்யாணம் காதுகுத்து எதிலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. 1941 ஆடியில், உத்தமபாளையத்தில் வெள்ளிக்கிழமை பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தமுக்கடித்தபோது, சுருளிக்குப் பதினொரு வயது. பார்த்தால் பதினாறு. அதிலும் உயரமான பதினாறு. தகப்பன் பதினெட்டு என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். அரும்புமீசை வந்திருந்தது, குரல் உடைந்திருந்தது. ஆனால் அவன் உள்ளே இருந்தவன் பதினொரு வயதுக்காரன். கிட்டிப்புள் ஆடப் போனால் சின்னப் பிள்ளைகள் பயந்து ஓடினார்கள். இளவட்டங்களோடு போய் உட்கார்ந்தால், அவர்கள் பேசுவது புரியாமல் விழித்துக்கொண்டு கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தன் காலே தடுக்கி நாளைக்கு இரண்டு தடவை விழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருளம்மாள் களத்துக்கு வந்தாள். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. பிள்ளைகள் கலைந்து போகும்வரை நெற்களத்து வேப்பமரத்தடியில் நின்றாள்.

“மாமா, அவுக அப்பன் வெள்ளிக்கெழம கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறாக. பட்டாளத்துல துப்பாக்கிய குடுத்தாலும் இவன் அதுல கிட்டிப்புள்ளுதான் ஆடுவான். இடி இடிச்சா இன்னும் என் சேலைக்குள்ளதான் வந்து ஒளியிறான். எம் பிள்ளைக்கு அஞ்சு வருசத்தக் காணோம். நீங்கதான் தேடிக் குடுக்கணும்.”

அன்று மத்தியானம் மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கியது. ராக்கையா வழக்கம்போல வட்டத்தில் நின்று கம்பு சுற்றினார். சுருளி ஓரத்தில் நின்றான். தன் மேல் விழவேண்டிய தண்ணீர் கம்பில் பட்டு, ஓரத்துக்குப் போய், அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டுவதை ராக்கையா அன்றுதான் உற்றுப் பார்த்தார். முப்பது வருஷம் மடை அடைத்த மனுஷன். ஒரு வயலுக்கு வேண்டாம் என்று அடைத்த தண்ணீர் அடுத்த வயலில்தான் போய் ஏறும் என்று ஊருக்கெல்லாம் வழக்குத் தீர்த்தவர். தன் மேல் விழாமல் போன ஐந்து வருஷம் எங்கே போயிற்று என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது.

சோணையம்மாளிடம்தான் முதலில் சொன்னார். கம்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் போனது திரும்பி வரும். வந்தால் தனக்கு அறுபத்து மூன்று ஆகிவிடும். அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வருஷங்கள் பிள்ளைக்குப் பாரமாக இருக்கின்றன, நமக்கு அது நம்முடையதுதானே என்றாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சோறு ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

வியாழக்கிழமை விடியலில் சாரல் பிடித்துக்கொண்டது. ராக்கையா சுருளியைக் களத்துக்குக் கூப்பிட்டு, அவன் எப்போதும் நிற்கிற இடத்திலேயே நிற்கச் சொன்னார்.

“ஏலே, இன்னைக்கு நான் மாத்திச் சுத்துவேன். நீ பாத்துக்கிட்டு மட்டும் நில்லு. படிக்க வேணாம்.”

ஐந்து வருஷம் வலப்பக்கமாகச் சுற்றிய கம்பை அன்று இடப்பக்கமாகத் திருப்பிச் சுற்றினார். களத்தில் பெய்த சாரலெல்லாம் சாய்ந்து வந்து அவர் ஒருவர் மேலேயே விழுந்தது. சேதி கேட்டு வந்து சுற்றி நின்ற ஜனங்கள் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. யாரோ காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் சுற்றிலும் மழை பெய்தும் நனையாமல் கிடந்தது. ஒரு நாழிகையில் அவர் மீசை வெளுத்தது. ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. சுருளியின் அரும்புமீசை போனது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் பழைய கீச்சுக் குரலில் வந்தபோது இருளம்மாள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராக்கையா கம்பை நிறுத்தினார். முழங்கால் இரண்டும் மடங்காமல் நின்றுவிட்டன; நான்கு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

மலைச்சாமி விடவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு உத்தமபாளையம் போய் வரிசையில் நின்றார். ஆள் எடுக்க வந்த துரை அளவுநாடாவைக்கூட எடுக்கவில்லை. பையில் இருந்த மிட்டாயில் இரண்டைச் சுருளிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பி வரும் வழியில் ராயப்பன்பட்டித் தேவாலயம் தாண்டியதும் சுருளி கால் வலிக்கிறது என்றான். மலைச்சாமி அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவனைத் தூக்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதன்பிறகு அவர் ராக்கையாவோடு சண்டைக்குப் போகவில்லை.

அந்தப் பக்கம் அறுபத்து மூன்று, இந்தப் பக்கம் கட்டில் என்று ராக்கையா கிடந்தது ஒன்பது நாள். பத்தாம் நாள் சுருளி கம்போடு வந்து, எனக்குச் சலாம் வரிசை பாதிதானே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், மீதி எப்போது என்று கேட்டான். ராக்கையா படுத்தபடியே மடைக்காரர் மாதிரி யோசித்தார். தண்ணீரை வேண்டாதவன் தலையில் கொட்டியது தப்பு. வேண்டியவன் வயலுக்குத் திருப்பிவிடுவதில் தப்பில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்கால் ஓரத்து வயல்மேட்டில் போடச் சொன்னார். அது இருளம்மாளின் கால் காணி நெல்வயல். நாற்று நட்டுப் பத்து நாள். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொருவராக அவர் தலைக்குமேல் கம்பு சுற்றினார்கள். சுற்றுகிறவன் வட்டத்துக்குள்ளே இருப்பதால் அந்த நேரம் அவனுக்கும் கணக்கில்லை. மற்றவர்கள் வாய்க்காலுக்கு அந்தப்புறம் நிற்கவேண்டும் என்பது சட்டம். காற்றுப் படவேண்டும் என்ற வழக்கத்தை அவரே எடுத்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை எங்கே வைக்கவேண்டும் என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். சொல்லும்போது தன் காலையும் அசைத்தார். மார்கழிக்குள் முழங்கால் மறுபடியும் மடங்கத் தொடங்கியது. விழவேண்டிய நாட்கள் நெல்லில் விழுந்தன. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு போகம் விளைந்தபோது, அந்தக் கால் காணியில் மட்டும் மூன்று போகம் விளைந்தது. வேளாண்மை அதிகாரி ஒருவர் வந்து மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனார். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

இப்படி ஐந்து வருஷம். ராக்கையாவுக்கு அறுபத்து மூன்று நடந்துகொண்டே இருந்தது. எதற்காக அவர் காத்திருந்தார் என்பது சோணையம்மாளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் எதிர்வீட்டுக்குப் போய், இருளம்மாள் போடும் கீறலைப் பார்த்துவிட்டு வருவார். பழைய கீறல்கள் மேலே அப்படியே இருந்தன. பிள்ளை ஒவ்வொரு படியாக, தன் வேகத்தில் ஏறி வந்துகொண்டிருந்தான். 1946 ஐப்பசியில் சுருளிக்குப் பதினாறு முடிந்தது. பொங்கல்வரை பொறுக்காமல் ராக்கையா அவனை நிலையோடு நிற்கவைத்தார். தலை, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பழைய கீறலில் சரியாகப் பொருந்தியது. இந்தத் தடவை அந்த உயரத்துக்குள் ஆள் இருந்தான். அளந்து முடிந்ததும் குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டு, தோழர்களோடு பேசச் சிரித்துக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலம் மழை வந்தது. வயல்மேட்டில் பிள்ளைகள் கம்போடு ஓடி வந்தார்கள். ராக்கையா வேண்டாம் என்று கையைக் காட்டினார். இன்றைக்கு நான் பார்க்கிறேன், நீங்கள் அந்தப்பக்கம் போய் ஆடுங்கள் என்றார். கம்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மழை எல்லோர் மேலும் விழுவதுபோல அவர் மேலும் விழுந்தது. சோணையம்மாளுக்கு அந்த மாதத்தோடு அறுபத்து மூன்று. துண்டு எடுத்துவந்தவள் அதைக் கொடுக்காமல் அவர் பக்கத்திலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்தாள்.

“வந்து சேந்துட்டியா?” என்றார் அவர்.

“நான் எப்பவும் இங்கனதான் இருந்தேன். நீங்கதான் நின்னுட்டீக” என்றாள்.

பங்குனி கடைசிவரை ராக்கையா தினமும் வயல்மேட்டுக்கு வந்து கால் சுவடு சொல்லிக்கொடுத்தார், நனைந்தார், காய்ந்தார். சித்திரை பிறந்தபோது வயல்மேட்டில் கட்டில் மட்டும் கிடந்தது. அந்த வருஷம் இருளம்மாள் வயலில் இரண்டு போகம்தான் விளைந்தது. மலைச்சாமி உட்பட யாரும் ஏன் என்று கேட்கவில்லை.