அமரர் ரதத்துக்குள்ளிருந்து தட்டுவது யார்?

எங்கள் எதிர்வீட்டு விநாயகம் ஓட்டுவது அமரர் ரதம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி ஒன்று, அதன் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல் கண்ணாடிப் பெட்டி. செஞ்சி வட்டாரத்தில் யார் போய்ச் சேர்ந்தாலும் கடைசிப் பயணம் அதில்தான். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டால் அதே எஸ்யூவி மாப்பிள்ளை அழைப்புக்கும் போகும். பெண்வீட்டார் விசாரிக்காதவரை நமக்கென்ன.

போன ஆடியில் அனந்தபுரத்துச் சாவு ஒன்றில்தான் வினை ஆரம்பித்தது. சாவு ஊர்வலம் என்றால் வண்டி ஓடாது. பத்தடி நகரும், பட்டாசுக்கு நிற்கும், மறுபடி நகரும். நிற்கும்போதெல்லாம் பெட்டிப் பக்கமிருந்து ‘டொக்’. கிளம்பும்போது இன்னொரு ‘டொக்’.

“யோவ், உள்ளேந்து தட்றாருய்யா!” என்று எவனோ கத்திவிட்டான்.

கண்ணாடியைத் திறந்து பெரியவரின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள். அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். சொத்தெல்லாம் எழுதி வாங்கியிருந்த மருமகனுக்குத்தான் வேர்த்துக் கொட்டியதாம்.

அதன் பிறகு இரண்டு வீட்டார், ரதம் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். விநாயகம் பயந்துபோனான். தீட்டு சரியாகக் கழியவில்லை என்று அவனே முடிவு கட்டினான். முன்பெல்லாம் சாவுக்குப் போய்வந்தால் ஒரு பக்கெட் தண்ணீர். இப்போது பம்ப் போட்டு, சோப்புத் தூள் கொட்டி, கொக்கியைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, கடைசியில் மஞ்சள் தண்ணீர். மறுவாரம் சத்தம் இரண்டு மடங்கு. உடனே இரண்டு மடங்கு கழுவினான்.

“இன்னும் ஒரு சாவுல தட்டுச்சுன்னா வண்டிய வித்துட்டு மெட்ராஸ்ல எவனுக்காவது டிரைவரா போவ வேண்டியதுதான், மீனம்பாக்கா” என்று என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான்.

கண்ணெதிரே ஒரு குடும்பம் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன்: “அது தட்றது இல்லடி, விடை வாங்கிக்கிறது. மனசு நெறஞ்சு போறவங்கதான் தட்டுவாங்க. பிள்ளைங்க மேல கோவம் இருந்தா சத்தமே வராது.”

நான்காம் நாள் சிங்கவரத்திலிருந்து கோவிந்தராஜ் போன் செய்தார். அம்மா செல்லம்மாள் தவறிவிட்டார், எண்பத்திநாலு வயசு. இவர்தான் மூத்தவர். மூன்று பிள்ளைகளும் மாசம் ஒருத்தர் என்று முறைவைத்துச் சோறு போட்டவர்கள். முப்பத்தியொன்று வரும் மாசங்களில் அந்தக் கடைசி நாள் யாருக்கு என்று சண்டையே நடந்திருக்கிறது. “வேற வண்டி வேணாம். உன் வண்டிதான் வேணும்” என்றாராம். ஏன் என்று விநாயகம் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை.

மறுநாள் காலையில், என் ரேஷன் கடைப் பேச்சு பலித்துவிட்ட நல்ல செய்தியைச் சொல்லலாமென்று போனால், வண்டியடியில் உட்கார்ந்திருக்கிறாள் அவன் பெண்டாட்டி சுமலதா. தொண்டூரில் டிராக்டர் ஓட்டுகிறவர் மகள். கையில் கோலமாவு டப்பா.

“இன்னாடி, வண்டிக்கு அடியில கோலமா?”

“வேடிக்கை பாருங்கக்கா.” கொக்கியில் இரும்பும் இரும்பும் சேருகிற இடத்திலெல்லாம் மாவைத் தூவினாள். தள்ளி நின்றுகொண்டு, “ஏங்க, ஒரு முழம் எடுத்து பிரேக் போடுங்க” என்றாள். டொக். குனிந்து பார்த்தாள். போல்ட்டுகள் மேல் போட்ட மாவு அப்படியே இருந்தது. ட்ரெய்லரை இழுக்கிற இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்திருக்கும் கிண்ணத்தைச் சுற்றி மட்டும் உதிர்ந்திருந்தது.

“இதுதான் உங்க ஆவி. குண்டுல ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. இவரு தீட்டுன்னு கழுவிக் கழுவி அத்தனையும் போயிருச்சு. காஞ்சு தேஞ்சு, கிண்ணம் லூசாயி அடிச்சிக்கிது.”

“அப்ப நான்தான் பண்ணனா?” என்றான் விநாயகம்.

“பின்ன, நானா தேங்காநாரு போட்டேன்?”

டிராக்டர் சாமான் கடையில் அளவு பார்த்துப் புதுக் குண்டு வாங்கிவரச் செய்து மாட்டினாள். கிண்ணத்தடி நட்டை இறுக்கினாள். கை நிறைய கிரீஸ் அப்பினாள். மறுபடி பிரேக். சத்தமே இல்லை. விநாயகத்தின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, குழந்தை மாதிரி சிரித்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் ரேஷன் கடை சமாசாரத்தை எப்படிச் சொல்வேன்?

சுமலதா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சாவு வண்டியில் பெண்பிள்ளை! அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாமென்று நானும் பின்சீட்டில் ஏறிவிட்டேன்.

சிங்கவரத்தில் ஊரே கூடியிருந்தது. நான் இறங்கிப் பெண்களோடு நடந்தேன். வண்டி நகர்ந்தது, நின்றது. சத்தமில்லை. மறுபடி நகர்ந்தது, நின்றது. ம்ஹூம். என் பக்கத்தில் குசுகுசுப்பு கிளம்பியது.

“தட்டலியே?”

“எப்படித் தட்டும்? முப்பத்தியொண்ணாந்தேதி பட்டினி கெடந்தது மறந்துடுமா?”

பெட்டியைப் பிடித்தபடி நடந்த கோவிந்தராஜின் காது சிவந்துவிட்டது. தெருமுனை நெருங்கியது. பெண்கள் அதற்குமேல் போகக்கூடாது, திரும்பிவிட வேண்டும். அம்மா கோபத்தோடு போனாள் என்ற சேதியும் எங்களோடு ஊருக்குள் திரும்பிவிடும்.

முனைக்கு நாலடி இருக்கையில், ‘டொக். டொக்.’

“அம்மா தட்டிடுச்சு!” பெண்கள் ஓவென்று அழுதார்கள். கோவிந்தராஜ் எல்லோரையும்விட சத்தமாக அழுதார். விநாயகம் வெளுத்துப்போய் பிரேக்கை மிதித்தான். சுமலதா குதித்து இறங்கிக் கொக்கியைப் பிடித்து ஆட்டினாள். அது மலை மாதிரி நின்றது. நிமிர்ந்தவள், பெட்டியின் ரோஜா மாலைக்கு அடியிலிருந்து கோவிந்தராஜின் மோதிரக் கை மெல்ல வெளியே வருவதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அதற்குள் என் பின்னாலிருந்து இரண்டு பேர் விநாயகத்தின் நம்பர் கேட்டார்கள். நடு மருமகள் பிரவீணாவோ, “பெரியவருக்கு மட்டும்தான் அம்மாவா? போங்க நீங்களும்” என்று புருஷனைப் பெட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சுமலதா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

“ஏங்க, சீக்கிரம் எடுங்க. இன்னும் ரெண்டு பிள்ளைங்க பாக்கி. நின்னா கண்ணாடி ஒடஞ்சிடும்.”