ஏழு மணி நேரம் பின்னால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பாதி எனக்குச் சொந்தமில்லை. அதை ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில், ஆடும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். மீதிப் பாதி, சொன்னவருக்கே தெரியாது.

என் கணினியின் மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. மின்சாரம் எகிறியதில் போர்டு போயிற்று, போகிற போக்கில் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. கடைக்காரர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். கடல் தாண்டிக் கிழக்கே நம்மவர்கள் குடியேறிய எங்கள் ஊரில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைதான் கடை. எதைக் கொண்டுபோனாலும் முதலில் "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்பதால் தெருவே அவரை டாக்டரம்மா என்கிறது.

புதிய போர்டையும் டிஸ்க்கையும் மாட்டிவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஆரம்பத்திலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். என்ன மொழி, எந்த விசைப்பலகை என்று திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்த ஊர் நேரம் என்று கேட்ட இடத்தில் அவர் கை நின்றது.

"நம்ம ஊர் நேரமே போட்டுடலாம்தானே சார்?"

"வேற எந்த ஊர் நேரத்தப் போடுவாங்க?"

"கேட்டுக்கறது நல்லது சார். போன மாசம் ஒருத்தர்கிட்ட கேக்காம போட்டுட்டு நல்லா மாட்டிக்கிட்டேன்."

வீடுகளுக்கு வரைபடம் போடும் அந்த ஒருத்தர்தான் கதை.

(என் கணினிக்கு உள்ளூர் நேரத்தையே போடச் சொன்னேன். வேறு ஊர் மணி பார்த்துக் காத்திருக்கும்படி எனக்கு யாரும்— இந்த வாக்கியம் இங்கே வேண்டாம்.)

2

எழுத உட்கார்ந்ததும் இப்படித் தொடங்கினேன்: 'வரைபடக்காரர் தன் கணினியை உயிராக நினைத்தார்.' அடித்துவிட்டேன். அவர் உயிராக நினைத்தது கணினியை அல்ல.

அடுத்தது: 'ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் மகள் வீட்டைவிட்டு—' மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? கதைகளில் மகள்கள் பெட்டியைத் தூக்கினாலே மழை பெய்து தொலைக்கிறது. அதையும் அடித்தேன்.

டாக்டரம்மா சொன்னபடியே சொல்வதுதான் உத்தமம் என்று முடிவு செய்தேன்.

3

புதிய போர்டும் டிஸ்க்கும் மாட்டிய கணினியை வரைபடக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போன மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்திருந்தார். அறுபத்திரண்டு வயது. ஊரில் பாதி வீடுகளின் வரைபடம் அவர் கையால் வந்ததுதான்.

"என்ன சார், ஓடலியா?"

"ஓடுது. மணி தப்பா காட்டுது."

டாக்டரம்மா செருகிப் போட்டுப் பார்த்தார். திரையின் மூலையில் 9:05. சுவரிலும் 9:05. தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கரெக்டாதானே சார் இருக்கு?"

"அதாம்மா தப்பு."

பழையதில் ஏழு மணி நேரம் பின்னால் ஓடியதாம். இது காலை ஒன்பது என்றால் அது நள்ளிரவு இரண்டு. வருடத்தில் பாதி நாள் ஏழு, மீதி நாள் ஆறு. வாடிக்கையாளர்களுக்கு அச்செடுத்துக் கொடுக்கும் தாள்களின் ஓரத்திலும் அந்த நேரமே விழும். ஒருவர் கேட்டேவிட்டாராம்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வரைஞ்ச படிக்கட்டா சார்? அதான் ஒரு படி குறையுது."

"ஏன் சார் அப்படி வெச்சிருந்தீங்க?"

வரைபடக்காரர் பெட்டியின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். பிறகு, "பொண்ணு இருக்கற ஊரு மணி," என்றார்.

4

இனிமேல் வருவது என் கைச்சரக்கு. எங்காவது இடித்தால் டாக்டரம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.

மகளுக்காக அவர் மாடியில் ஓர் அறை வரைந்திருந்தார். கிழக்கே பெரிய சன்னல், சுவரோடு சுவராகப் புத்தக அலமாரி, தனிக் குளியலறை. வரைந்ததைத் திரையில் காட்டியபோது மகள் சொன்னாள்: "நான் இங்க இருக்கப் போறதில்லப்பா. வேலை கிடைச்சிடுச்சு. மாடி எதுக்கு?"

"அப்ப கீழயும் உனக்கு இடமில்ல."

சொன்னது அவ்வளவுதான். வாயிலிருந்து விழுந்த கணமே அது தப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகளும் அவர் மகள்தான், அவள் பிடித்த முயலுக்கும் அதே மூன்று. மனைவியிடமும் சொல்லி வைத்தார்: "அவ பேச்ச எங்கிட்ட எடுக்காதே." மனைவி எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் மொட்டைமாடிக்குப் போய் மகளோடு பேசிவிட்டு இறங்கி வருவாள். இவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தை மட்டும் பார்ப்பார். முகத்திலிருந்து உடம்பு சரியில்லையா, சந்தோஷமா என்ற அளவுக்குப் படிக்கலாம். அதற்கு மேல் படிக்க முடியாது.

மகள் போவதற்கு முந்திய வாரங்களில் வேலை கிடைத்த வெளிநாட்டு அலுவலகத்தோடு பேச அவருடைய கணினியைத்தான் பயன்படுத்தினாள். நேரம் தவறக் கூடாதென்று மூலையிலிருந்த மணியை அந்த ஊருக்கு மாற்றி வைத்தாள். திருப்பி வைக்க மறந்து போய்விட்டாள்.

அவர் மறக்கவில்லை. மாற்றவுமில்லை.

5

(இங்கே ஒரு சந்தேகம் எனக்கே வந்தது. அந்த மணியின் மேல் ஒரு முறை சொடுக்கினால் எந்த ஊர் என்று தெரிந்துவிடுமே, ஆறு வருடத்தில் ஒரு மனுஷன் சொடுக்காமல் இருப்பானா? இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தார். பட்டியல் ஒன்று திறந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தவர்போல் படபடத்து மூடிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைத் திருடித் தெரிந்துகொள்வதா என்று ஒரு வீம்பு. வீம்பு என்று நான் சொல்கிறேன், அவர் மானம் என்பார்.)

6

அந்த மணிதான் அவருக்கு மகளைப் பற்றி வந்த ஒரே தகவல்.

முதல் வருடம், ஒரு திங்கட்கிழமை காலை, ஏழாயிருந்த வித்தியாசம் ஆறாகியிருந்தது. கணினி கெட்டுவிட்டது என்று பதறினார். ஒரு வாடிக்கையாளர்தான் சொன்னார், சில நாடுகளில் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்களென்று. அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்காகக் காத்திருந்தார். மணி முன்னால் நகர்ந்தால், குளிர் விட்டுவிட்டது, இனி அவளுக்குச் சளி பிடிக்காது. பின்னால் நகர்ந்தால், கம்பளி எடுத்துப் போனாளா என்ற கவலை. கேட்பதற்கு வாய் வராது. பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவார். அவர் மேசையில் இருக்கும் பென்சில்கள் எல்லாம் குட்டை.

ஒவ்வொரு நாளும் கைபேசியை எடுப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். காலை எட்டுக்கு எடுத்து மூலையைப் பார்ப்பார். அங்கே இரவு ஒன்று. தூங்குவா, எழுப்பக் கூடாது. மாலை ஆறுக்கு எடுப்பார். அங்கே காலை பதினொன்று. வேலையில இருப்பா. அவள் வீடு திரும்பிக் கால் நீட்டி உட்காரும் நேரத்தில் இவர் குறட்டையில் இருப்பார். இப்படியே ஆறு வருடம், ஒரு நாள்கூட நேரம் தோதாக அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கணினியைப் போடுவதில்லை.

7

மறுபடியும் கடைக்கு வாருங்கள். இந்தப் பகுதி டாக்டரம்மா சொன்னது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"அது ஒண்ணும் பெரிய வேலையில்ல சார். எந்த ஊருன்னு சொல்லுங்க, மாத்திடறேன்."

வரைபடக்காரர் திரையின் மூலையைக் காட்டினார்.

"ஏழு மணி நேரம் பின்னால. பாதி வருஷம் ஆறு."

"அது சரி சார். ஊரு?"

"அது... தெரியாதும்மா. பழைய டிஸ்க்ல இருக்குமில்ல?"

"அது செத்துப்போச்சு சார். உள்ள இருந்து ஒரு எழுத்துகூட எடுக்க முடியாது. உங்க வரைபடமெல்லாம் பென்டிரைவ்ல இருந்துச்சே, அதுவே உங்க அதிர்ஷ்டம்." சொல்லிக்கொண்டே பட்டியலைத் திறந்தார். ஏழு மணி நேர வித்தியாசத்தில் நாலைந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் மூன்று நான்கு ஊர்ப் பெயர்கள். "இதுல எதப் போட்டாலும் மணி ஒண்ணுதான் சார். சும்மா முதல் வரியப் போட்டுடவா?"

வரைபடக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு மிக அருகே குனிந்தார். ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து, உதடு அசைய, பதினேழு ஊர்களையும் படித்தார். எண்ணியது டாக்டரம்மா. கடைசிப் பெயர் முடிந்ததும் மறுபடி மேலே போனார்.

"போட்டுடவா சார்?"

"வேணாம்மா. கேட்டுட்டு வரேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறம் வரவே இல்ல சார்," என்றார் டாக்டரம்மா. என் திரையில் சதவீதம் நூறைத் தொட்டிருந்தது. "உங்களது முடிஞ்சிடுச்சு."

8

முதல் முடிவு.

வீட்டுக்கு வந்தார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் நின்று, ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் திரும்பாமலே ஊர்ப் பெயரைச் சொன்னாள். அது பட்டியலில் இரண்டாவது வரியில் இருந்தது. மணியை மாற்றிக்கொண்டார். சுபம்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க நன்றாகத்தான் இருந்தேன். மறுநாள் படித்தபோது கசந்தது. மணி பழையபடி ஆகிவிட்டால் மனுஷனும் பழையபடி ஆகிவிடுவாரே. காலையில் தூங்குவா, மாலையில் வேலையில இருப்பா. அவருக்கு நான் செய்த உபகாரம் இதுதானா? அதுவும் போக, டாக்டரம்மா சொன்னாரே, அவர் வரவே இல்லையென்று. மணியை மாற்ற அவருக்கு டாக்டரம்மா வேண்டும். அவர் ஏன் திரும்ப வரவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

9

இரண்டாவது முடிவு.

பெட்டியை மேசையில் வைத்து வயர்களைச் செருகினார். மூலையில் உள்ளூர் மணி. அதைக் கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு அடுக்களை வாசலுக்குப் போனார்.

"இந்தா."

"சொல்லுங்க."

"அவ... எந்த ஊர்ல இருக்கா?"

குழாய் நின்றது. மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"எவ?"

"விளையாடாத."

"நான் விளையாடல. பேச்ச எடுக்காதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே கேக்கறேன்."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் இருந்தது. ஆறு வருடம் சேர்த்து வைத்தது, சீக்கிரம் தீராது.

"கம்ப்யூட்டர் மணிக்குத்தானே கேக்கறீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சா தெரியாதா? அந்த மேசைய தினம் துடைக்கறவ நான். நீங்களா ஒரு நாள் கேப்பீங்க, கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க மணியப் பாத்தே பொழுத ஓட்டிட்டீங்க."

"சரி, சொல்லு. எந்த ஊரு?"

"அவ அங்க இருந்து வந்து ரெண்டு வருஷமாச்சு."

அவருக்குப் புரியவில்லை.

"வேலைய மாத்திக்கிட்டு வந்துட்டா. ரயில்ல ஏறினா ராத்திரிப் பொழுது, விடிஞ்சா அவ வீடு. நம்ம மணிதான் அவளுக்கும்."

இரண்டு வருடமாக அவள் தூங்குகிறாள் என்று அவர் கைபேசியைக் கீழே வைத்த காலைகளில் அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். வேலையில் இருக்கிறாள் என்று விட்ட மாலைகளில் வீட்டுக்கு வந்து, ஒருவேளை, கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு குளிர்காலம், இல்லாத குளிருக்காக இவர் பென்சில் சீவியிருக்கிறார்.

"ஏண்டி சொல்லல?"

"அவ சொல்லக் கூடாதுன்னா. அப்பாவா கேட்டா சொல்லுன்னா." மனைவி குழாயைத் திறந்தாள். கொஞ்சம் கழித்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், "ஞாயித்துக்கிழமைதோறும் கேப்பா, அப்பா ஏதாவது கேட்டாரான்னு," என்றாள்.

10

இந்த முடிவையும் சந்தேகிக்கிறேன். ரொம்பத் தோதாக இருக்கிறது. கேட்காமல் போட்ட மணியே சரியான மணியாகிவிடுவது, ஏதோ நான் பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் தெரிகிறது. தள்ளித்தான் விட்டேன். அவளை அவ்வளவு தூரத்தில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் வேறு காரணம் சொன்னால் பொய்.

ஆனால் ஒன்று மட்டும் பொருந்துகிறது. அவர் ஏன் டாக்டரம்மாவிடம் திரும்ப வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மணி சரியாகத்தான் இருந்தது.

இப்போது அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கைபேசி கையில். வழக்கப்படி மூலையைப் பார்க்கிறார். தூங்குவா என்று சொல்ல முடியாது. வேலையில இருப்பா என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அடுக்களையில் ஒருத்தி குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அவர் கூப்பிட்டாரா என்பதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் எடுத்தாள், இவருக்குப் பேச்சு வரவில்லை. ஒன்றில் மணி அடித்துக்கொண்டே— நான்கையும் அழித்துவிட்டேன். இது நான் செய்கிற காரியமில்லை.

மணி என்ன என்றுகூட நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். நீங்கள் இதைப் படிக்கிற இடத்தில் ஒரு கடிகாரம் இருக்கும். சுவரிலோ, கையிலோ, திரையின் மூலையிலோ. அதைப் பாருங்கள். அங்கே என்ன மணியோ அதுதான் அவருக்கும், அவளுக்கும். அந்த நேரத்தில் அவள் தூங்குவாளா, வேலையில் இருப்பாளா, கூப்பிடலாமா என்று அவருக்கு நீங்கள் சொல்லுங்கள்.