உருகாத ஐஸும் தையற்காரியின் முழங்காலும்

மனைவி இறந்த அன்று ஐஸ்காரர் உறைய வைத்த ஐஸ் இன்றுவரை உருகவில்லை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் புருவத்தைத் தூக்குவார்கள், தூக்கட்டும். மீன் கடையிலும் பழரசக் கடையிலும் ஆஸ்பத்திரிப் பிணவறையிலும் அதன் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன, போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செய்தி வந்தபோது அவர் ஐஸ் தொழிற்சாலையில் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மேல் குனிந்து நின்று, அதில் முக்கியிருந்த தண்ணீர் டின்களுக்குள் காற்று ஊதும் குழாய்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். நடுத்தண்ணீர் இறுகுவதற்குள் குழாயை எடுக்காவிட்டால் அது கட்டியோடு சேர்ந்து உறைந்துவிடும், வரிசை முழுக்க வீண். முதலாளி கீழே நின்று, “ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சுப்பா, வீட்டம்மா தவறிட்டாங்களாம்” என்றார். ஐஸ்காரர் “சரிங்க” என்றார். மீதிக் குழாய்களையும் உருவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உறைந்த டின்னைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஓரம் லேசாக உருகும், கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஐஸ் எடுப்பது என்றால் அவ்வளவுதான். அந்த வரிசை வரவில்லை. வெந்நீரில் முக்கினார்கள், அப்போதும் வரவில்லை. கடைசியில் டின்னைக் கிழித்து எடுத்தார்கள். கண்ணாடி போல இருந்த அந்தக் கட்டிகள் உடைந்தன, ஆனால் உருகவில்லை. மீன் கடைக்காரருக்கு ஒரே கொண்டாட்டம், அன்று வாங்கிய ஐஸோடு அவர் ஐஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டார். பழரசக் கடைக்காரர் குடித்து வைத்த டம்ளர்களிலிருந்து துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி அடுத்த ஆளுக்குப் போட்டார். தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள், தெரியாதவர்கள் குடித்தார்கள். ஒருவர் தவறிப்போய் ஒரு துண்டை விழுங்கிவிட்டார், அதன்பின் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்ததே இல்லை.

ஐஸ்காரர் அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை, அதற்கப்புறமும் இல்லை. பசித்தால் சாப்பிட்டார், தூக்கம் வந்தால் தூங்கினார். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் மனைவி அவர் கைகளைப் பிடித்து, “ஐயய்யோ, மரக்கட்டை மாதிரி சில்லுன்னு இருக்கு” என்று திட்டிக்கொண்டே தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிடுவாள். இப்போது கைகள் சில்லென்று இருந்தன, அவ்வளவுதான். வெளியூரில் வேலை பார்த்த மகளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அம்மா செத்த சேதி வந்தப்பகூட வரிசைய முடிச்சிட்டுத்தானே வந்தீங்க?” என்று கேட்டாள். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவர் திரும்பி வந்து போட்ட அடுத்த வரிசையும் அப்படியே ஆயிற்று. முதலாளி திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ‘உன்ன மாதிரி உண்டா’ என்று ஐஸ்காரருக்கே ஐஸ் வைத்துப் பார்த்தார். தொழிற்சாலை ஆட்கள் கூடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஐஸை உருக்குவது உப்பு, கண்ணீரில் இருப்பதும் உப்பு, ஆகவே இவர் அழுதால் உருகிவிடும். வேறு தொழில்காரர்களுக்கு இப்படித் தோன்றியிருக்காது. வெங்காயம் நறுக்கச் சொன்னார்கள், சோகப் படத்துக்குக் கூட்டிப்போனார்கள், படத்தில் அழுதது முதலாளிதான். வெங்காயத்தில் வந்த கண்ணீரைக் கரண்டியில் பிடித்துக் கட்டியின் மேல் விட்டார்கள், அது மணி மணியாக உறைந்து நின்றது. அத்தோடு முதலாளி கையை விரித்துவிட்டார். ஐஸ்காரரை வாசல் காவலுக்கு மாற்றி, தொட்டிக்கு வேறு ஆள் போட்டார். மிஞ்சியிருந்த ஒரு கட்டியை வண்டியில் ஏற்றி, “உன்னோடது, நீயே வெச்சுக்கோப்பா” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அது முன்னறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது.

மகள் வாரம் ஒருமுறை போன் செய்வாள். எடுத்ததும், “கரைஞ்சுதாப்பா?” என்பாள். “இல்லம்மா” என்பார். “சரி” என்று வைத்துவிடுவாள். அவரும் தினம் எழுந்ததும் கட்டியின் அடியில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அது உருகுகிற அன்றுதான் தன் துக்கம் தீரும், அதுவரை தான் ஒரு மனுஷனே இல்லை என்று எப்படியோ அவர் மனதில் பதிந்துபோயிற்று. வருஷங்கள் போயின. விரல் காய்ந்தே வந்தது.

ஒருநாள் அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைத் தெருமுனைத் தையற்காரி பார்த்தாள். கணவனை இழந்து வெகுநாள் ஆனவள். சிரித்தால் எதிர்ச் சாரி வரை கேட்கும். “ஏங்க, தையல் எப்படி இருக்குன்னு ஊருக்கெல்லாம் காட்டுறீங்களா?” என்று கூப்பிட்டுச் சொன்னாள். அவர் அங்கேயே கழற்றி, திருப்பிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவளே வீட்டுக்கு வந்தாள். காலையிலிருந்து மெஷினை மிதித்து மிதித்து அவள் முழங்கால் வீங்கியிருந்தது. “உங்க வீட்ல ஐஸ் இருக்காமே, கொஞ்ச நேரம் கால வெச்சுக்கட்டுமா?” என்றாள். அன்றிலிருந்து மத்தியான வேளைகளில் முழங்காலைக் கட்டியில் சாய்த்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது வழக்கமாயிற்று. அவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். தெரு சும்மா இருக்குமா? இருக்கவில்லை. அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எப்போது என்று தெரியவில்லை, அவள் வராத நாட்களில் அவருக்கு ஏதோ ஒன்று வலிக்க ஆரம்பித்தது. வலி என்றால் என்ன என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் வெளியூரில் இருந்த அவள் தம்பி, தனியாகக் கஷ்டப்பட வேண்டாம், தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டான். அவள் சுற்றி வளைக்கவில்லை. “நாம கல்யாணம் பண்ணிக்கலாம்னு எனக்கு ஆசை. நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நேரா சொல்லுங்க” என்றாள். ஐஸ்காரர் கட்டியைப் பார்த்தார். “இத இப்படி வெச்சுக்கிட்டு உங்கள எப்படிங்க கூப்பிடுறது? நியாயமில்ல. இது உருகட்டும்” என்றார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் ஐஸ்காரர் என்னென்னவோ செய்தார். மூட்டை உப்பைக் கொட்டினார். அடுப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து எரித்தார், சுவர் கருத்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெட்டியும் கையுமாகச் சொல்லிக்கொண்டு போக வந்தபோது, அறையெங்கும் கணுக்கால் அளவு வெந்நீர், ஆவி, உப்புச் சேறு. நடுவில் அவர் காலிக் குடத்தோடு நின்றார். “உருக மாட்டேங்குதுங்க” என்றார். சொல்லும்போதே உடைந்துவிட்டார். வருஷக்கணக்காக வராத அழுகை வாய்விட்டு வந்தது. அவள் போய்விடுவாளே என்றும் அழுதார், என்றோ போனவளுக்காகவும் அழுதார். கண்ணீர் கட்டியின் மேல் விழுந்து வழிந்தது. கட்டி ஒரு நூல்கூடக் குறையவில்லை.

தையற்காரி பெட்டியை நாற்காலி மேல் வைத்தாள். விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரை வாசல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாள். “வீட்ட என்ன கோலம் பண்ணி வெச்சிருக்கீங்க! அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. அதுவா வந்து கல்யாணம் கேட்டுச்சு? நான்தானே கேட்டேன்?” என்றாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு விளக்குமாறு தேடினார். வீடு காய்வதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ் அவள் இல்லாமலே போயிருந்தது.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது, முதலாளி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தகவல் தெரிந்ததும் மகள் போன் செய்தாள். “அப்போ கரைஞ்சுடுச்சாப்பா?”

“இல்லம்மா. அப்படியே இருக்கு. பால் பாத்திரத்த அது மேலதான் வெக்கிறோம், கெடவே மாட்டேங்குது.”

இந்த முறை அவள் ‘சரி’ என்று வைத்துவிடவில்லை. “சந்தோஷமா இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. ரெண்டும் இருக்கு.”

அவள் அந்த வாரமே கிளம்பி வந்தாள். வந்ததும் வராததுமாக அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அது சில்லென்றுதான் இருந்தது. தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, சூடு ஏறும்வரை தேய்த்துக்கொண்டே ஊர்ப்பயணத்தைப் பற்றிப் பேசினாள். அதன்பிறகு போனில் ஐஸைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கலானாள்.

அந்தச் சந்தோஷம் கல்யாண மயக்கம் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். ஒரு வருஷம் போனது, பத்து வருஷமும் போனது, மயக்கம் தெளியவில்லை. இருவரும் சண்டை போட்டார்கள், கோடையில் கட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் முதுகைச் சாய்த்துச் சமாதானம் ஆனார்கள். காலையில் விரலை விட்டுப் பார்ப்பது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை.

ஐஸ்காரருக்கு ஓய்வு கிடைத்ததும் மகள் இருந்த ஊருக்கே வீடு மாற்றினார்கள். கட்டில், பாத்திரம், தையல் மெஷின் எல்லாம் லாரியில் ஏறின. சுமை ஏற்ற வந்தவன் புது ஆள், ஜன்னல் பக்கம் போய் நின்று தலையைச் சொறிந்தான். “பெரியவரே, இந்த ஐஸ் எதுக்கு? தெருவுல தள்ளிட்டுப் போயிடலாமே?”

“வீட்டுச் சாமான்தான்பா, ஏத்து” என்றார் ஐஸ்காரர்.

“மெல்லப்பா, ஓரம் உடைஞ்சிடப் போகுது” என்று உள்ளேயிருந்து தையற்காரி குரல் கொடுத்தாள். இரண்டு பேர் சாக்கைச் சுற்றித் தூக்கி, மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆடாமல் வைத்தார்கள். மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டியதும் லாரி புறப்பட்டது.