நாற்பது நிமிடப் பூஜ்ஜியம்

எலும்பு அறுவை அரங்கில் அவள் வேலை கால் பிடிப்பது. தொடை எலும்பு உடைந்தவரின் காலைத் தூக்கி, டாக்டரம்மா உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கும்வரை அசையாமல் தாங்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். இரண்டு ஆபரேஷன் முடிந்தால் கால் மணி நேர இடைவேளை. அது இல்லாவிட்டால் மூன்றாவதில் கை நடுங்கும்; நடுங்கினால் திருகாணி கோணலாக இறங்கும்.

அந்த இடைவேளையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று திங்கட்கிழமை தெரிந்தது. நிர்வாகம் அனுப்பிய அதிகாரி ஒருவர் ஒரு வாரமாக அரங்கின் மூலையில் நின்று எல்லோரையும் அளந்துகொண்டிருந்தார். நர்சுகள் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் நீட்டிய தாளில் அவளுக்கு நேராக இருந்தது: வேலை 60 ஜூல். ஓய்வு 40 நிமிடம்.

"ஓய்வா? காலைத் தாங்கிக்கிட்டு நின்னேன் சார்."

"நின்னீங்க, அதான். பன்னிரண்டு கிலோ காலை அரை மீட்டர் தூக்கினீங்க, அறுபது ஜூல். அப்புறம் கால் நகரவே இல்லை. தூரம் இல்லேன்னா வேலை இல்லை. நான் ஃபிசிக்ஸ் படிச்சவன்மா." அவர் கேலி செய்யவில்லை, சூத்திரத்தை நம்பினார். "சராசரித் திறன் ஒரு வாட்ல நாற்பதுல ஒரு பங்குதான் வருது. இதுக்குத் தனியா இடைவேளை எதுக்கு? கையெழுத்துப் போடுங்க."

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அவர் சொன்னது சரிதாம்மா. கால் மேல நீ செஞ்ச வேலை பூஜ்ஜியம்."

"நீயும் அந்த ஆள் கட்சியா?"

"நான் புக்கு கட்சி. சுவத்துல அடிச்ச ஆணி பையைத் தாங்குது, அதுக்கு எதுவும் செலவாகாது. உன் தசை இழுத்து விட்டு, இழுத்து விட்டுத்தான் கையை ஒரே இடத்துல நிறுத்துது. சாப்பிட்டதெல்லாம் உள்ள எரியுது. அதான் உனக்கு வேர்க்குது."

"அப்ப பூஜ்ஜியம் காலுக்கு. எனக்கில்ல."

"அவ்வளவுதான்."

மறுநாள் காலை. நோயாளி இன்னும் வெளி அறையில்தான் இருக்கிறார், மயக்க மருந்து போடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே பேச்சை எடுத்தாள்.

"டாக்டரம்மா, இந்தத் தாள்படி நான் அளவுக்கு மீறி ஓய்வெடுத்துட்டேன். இனிமே ஸ்ட்ரெச்சர் தள்ளப் போறேன். அதுவாவது நகருது. காலைப் பிடிச்சு ஓய்வெடுக்க சாரைக் கூப்பிடுங்க. ஒரு வாரமா நின்னு பாவம், களைச்சுப் போயிருப்பார்."

ஒரு நர்சின் முகக்கவசம் குலுங்கியது.

"ஒரு ஸ்டாண்டு வாங்கி மாட்டினா தீர்ந்தது" என்றார் அதிகாரி.

"மாட்டுங்க. நடுவுல அம்மா கொஞ்சம் ஏத்து, உள்பக்கம் திருப்புன்னு சொல்வாங்க. காது வச்ச ஸ்டாண்டா பார்த்து வாங்குங்க."

"அடம் பிடிச்சா உங்க மேல எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்."

"தாராளமா."

"ஃபிசிக்ஸை மாத்தச் சொல்றீங்களா?"

"அதுல கை வைக்காதீங்க. எனக்கு ஜூல் வேண்டாம், பூஜ்ஜியம் பூஜ்ஜியமாவே இருக்கட்டும். நகராம நின்னா ஓய்வுன்னு எந்தப் பாடத்துல இருக்கு? அதை மட்டும் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் தாளைப் பார்த்தபடி, "இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. வேலை இல்லேன்னா ஓய்வு" என்றார்.

"அப்ப கட்டம் தப்பு."

"நோயாளியை உள்ள கொண்டு வரலாமா, வேண்டாமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அதிகாரி பேனாவை எடுத்தார். ஓய்வுக்கு எதிரே இருந்த நாற்பதை அடித்துப் பூஜ்ஜியம் போட்டார்.

"இப்ப நாற்பது நிமிஷம் எங்கேயுமே வராது. மேல கேப்பாங்க."

"கேட்டா என்னைக் காட்டுங்க. வந்து சொல்றேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையுறை மாட்டினாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததும் வழக்கமான இடைவேளைக்கு நடைபாதை ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அதிகாரி அந்தப் பக்கம் வந்தார்; கை தன்னால் கடிகாரத்துக்குப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இதுதான் சார் ஓய்வு. எழுதிக்குங்க."