மச்சான் முறை

கண்டியில் கட்டுக்கலைத் தெருவில் ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொள்வதற்குக் கணக்கு வழக்கே கிடையாது. வண்டிக்காரன் தேத்தண்ணிக் கடைக்காரனுக்கு மச்சான். பீடி கேட்கிறவன் கொடுக்கிறவனுக்கு மச்சான். சந்தையில் கீரை விற்கும் சிங்களவர்கூட "மஸ்ஸினா" என்று தொடங்கித்தான் விலை சொல்வார். ஆனால் அதே சொல்லை ஒரு பெண் சொன்னால் தெரு நிமிர்ந்து பார்க்கும். பெண்ணின் வாயில் அந்தச் சொல்லுக்கு உரிய ஆள் ஒருவன்தான்: கட்டினவன், இல்லாவிட்டால் கட்டப்போகிறவன்.

குடைக்கடை சாஹுல் ஹமீதின் மகள் ரபீகாவுக்கு அந்தச் சொல் பேச்சு வந்த வயதிலேயே கிடைத்துவிட்டது. கொடுத்தவள் வாப்பாவின் தங்கை, மாமி ஆஸியா உம்மா. தன் மகன் ஹபீலைக் காட்டி, "செல்லு புள்ள, மச்சான் எண்டு செல்லு" என்று அவள்தான் பழக்கினாள். பிள்ளை "மத்தான்" என்று மழலையில் சொன்னதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சிரித்தாள். தெருவைப் பொறுத்தவரை சம்பந்தம் அன்றே பேசி முடிந்தது.

பெரிய பிள்ளையான பிறகு ஹபீல் வந்தால் ரபீகா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். போனாலும் கேட்க வேண்டியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பாள்.

"மச்சானுக்குச் சீனி போடவா?"

"போடு."

இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். இதைப் போய்க் காதல் என்பதா என்று தெருவில் சிலருக்கு அபிப்பிராய பேதம் இருந்தது. ரபீகாவுக்கு இல்லை.

வாப்பாவைப் பார்க்க வரும் யாழ்ப்பாணத்து வாத்தியார் சுந்தரலிங்கம் ஒருநாள் முன்னறைக் கதிரையில் சாய்ந்துகொண்டு இந்தச் சொல்லுக்கே விளக்கம் சொன்னார். "மைத்துனன் எண்டதுதான் தேய்ஞ்சு மச்சினன், மச்சான் எண்டு வந்தது, ஹமீது. பொம்பிளை குடுக்கலாம், எடுக்கலாம் எண்ட உறவுக்குத்தான் அந்தப் பேர். றோட்டிலை போறவனுக்கெல்லாம் இல்லை." வாப்பா கொட்டாவி விட்டார். கதவுக்குப் பின்னால் நின்றவள் மட்டும் அதை முடிந்து வைத்துக்கொண்டாள். தனக்கு உரியதைப் படித்தவர் ஒருவரே தன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அப்படியிருக்கையில் ஹபீல் நாவலப்பிட்டிக்கு வேலைக்குப் போனான். தோட்டங்களுக்கு அரிசியும் துணியும் அனுப்புகிற பெரிய கடை அது. முதலாளிக்கு மஸீனா என்று ஒரே மகள். கொஞ்ச காலத்தில் ஹபீலின் தலையில் புதுத் துருக்கித் தொப்பி ஏறியது. பெருநாளைக்கு வந்தவனிடம் கதவுக்குப் பின்னாலிருந்து சீனி போடவா என்று கேட்டபோது, அவன் ரபீகாவின் வாப்பாவைப் பார்த்து, "எனக்குத் தேத்தண்ணி வேணாம் மாமா" என்றான். கதவின் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த கிழமை மாமி வந்தாள். உட்காருமுன்பே தமையனைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

"தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து விஷக் காய்ச்சல் ஞாபகம் ஈக்கா நானா? ஜெஸீமா மதினி படுத்த படுக்கையா கெடந்தா. இந்தப் புள்ள பசியில கத்தினிச்சு. மனசு கேக்காம நான்தான் தூக்கிப் பால் குடுத்தேன். ஹபீலும் அப்ப பால் மறக்கல்ல. இவ்வளவு காலமும் இது என்ட புத்தியில தட்டவே இல்லயே."

புத்தியில் தட்டிய நேரத்தை மாமி சொல்லவில்லை. நாவலப்பிட்டியில் பெண் பார்த்துவிட்டுக் கண்டிக்கு ரயில் ஏறிய பிறகுதான் தட்டியது என்பது தெருவின் கணக்கு. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்த மார்க்கச் சட்டம். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரபீகாவின் தலையைத் தடவினாள்.

"அவன் ஒனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி, இனி அவன நானா எண்டு கூப்புடு புள்ள. மத்தது ஹறாம்."

சொல்லைக் கொடுத்த கையாலேயே அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அந்தக் காய்ச்சல் காலத்தில் ஆஸியா உம்மா எங்கே நின்றாள் என்பது தெருவுக்குத் தெரியாததல்ல. தெருவின் மறுபக்கத்தில், மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு, "மதினி உசிரோட ஈக்கிறாவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே போவாள். வாசற்படியை மிதித்தவளே அல்ல. ரபீகா வளர்ந்தது பின்வீட்டுப் பாப்பம்மாவின் ஆட்டுப்பாலில். தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்த பாப்பம்மா, கதை காதில் விழுந்ததும் வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏம்மா ரபீகா, ஒங்க மாமி என்னமோ சொல்றாங்களாமே? நீ குடிச்சதெல்லாம் எங்க வெள்ளாட்டுப் பாலும்மா. அப்படிப் பாத்தா அந்தக் கெடாக்குட்டிதான் ஒனக்கு அண்ணன். அத வேணா கூப்புட்டுக் காட்டு."

ரபீகா சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. பாப்பம்மாவால் பள்ளிவாசல் லெப்பையிடம் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று அவள் கேட்டாள். "நான் சொன்னா ஒங்க லெப்பை எடுப்பாரா தாயி?" என்றாள் பாப்பம்மா. அவர் எடுக்கமாட்டார் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

பெண்கள் நால்வர் சாட்சி சொன்னால் பால் உறவு நிச்சயம் என்று லெப்பை தீர்த்துச் சொல்லியிருந்தார். மாமி ஒன்று. மாமியின் நாத்தனார்கள் இரண்டு பேர். காய்ச்சல் வருஷம் அவர்கள் கண்டியிலேயே இல்லை, ஆனால் ஞாபகம் மட்டும் இங்கே இருந்திருக்கிறது. நாலாவது ஆளுக்கு மாமி தெருவெல்லாம் அலைந்தாள். பொய்ச்சத்தியத்துக்குப் பயந்து ஒருத்தியும் அகப்படவில்லை. ரபீகா தைரியமாக இருந்தாள். விசாரணையன்று காலையில் உம்மா ஜெஸீமா அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். "நீ பயப்புடாத, நான் ஈக்கேன்" என்றாள்.

முன்னறையில் திரை கட்டி, அந்தப் பக்கம் லெப்பையும் வாப்பாவும் இருந்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள். மூன்று பேர் சொல்லி முடித்தார்கள். லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலாவது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் ஜெஸீமா. "பெத்தவ நான். ஓம், புள்ள குடிச்சாள்."

ரபீகா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு குசினியில் உம்மா வெங்காயம் உரித்தபடி பேசினாள். "பணக்காரப் பொண்ணு கெடச்சிச்சு, இவள உட்டுட்டான் எண்டு பேராகினா ஒன்னக் கேட்டு எவன் வருவான்? பால் உறவு எண்டா அது அல்லாஹ்ட சட்டம். ஒருத்தரும் ஒன்னப் பேச ஏலாது. ஒன்ட நன்மைக்குத்தான் புள்ள."

"நான் கேட்டேனா உம்மா?"

உம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் வசதியாக இருந்தது.

போகட்டும், இது பெரியவர்கள் செய்த வேலை என்று ரபீகா மனதைக் கட்டிக்கொண்டாள். மச்சானை ஏமாற்றியிருக்கிறார்கள். மாமி அழுது காட்டியிருப்பாள். அவனும் பால் கதையை நம்பி ஒடிந்துபோய் இருப்பான். அவனும் தன்னைப்போல ஏமாந்தவன்தான் என்று தெரிந்தால் போதும், மற்றதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

அதனால்தான் மாமி இன்னொரு முறை வந்து நின்றபோது அவள் மறுக்கவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டும்போது அவனுடைய தங்கைதான் பெண்ணின் பின்கழுத்தில் கொக்கியை மாட்ட வேண்டும். ஹபீலுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. "இப்ப நீதானே தங்கச்சி. ஒன்ன உட்டா எங்களுக்கு ஆரு ஈக்கா?" என்றாள் மாமி, கொஞ்சமும் கூசாமல். கட்டுக்கலைப் பெண்களுக்கு இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. ரபீகா பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு உம்மாவோடு நாவலப்பிட்டிக்கு ரயில் ஏறினாள். அவன் முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும்.

கல்யாண வீட்டின் உள்ளறையில் மணப்பெண்ணின் அருகில் அவளை உட்காரவைத்தார்கள். வெளியே ஆண்கள் பக்கத்தில் நிக்காஹ் நடந்துகொண்டிருந்தது. மஸீனா நல்ல பிள்ளை. முக்காட்டுக்குள்ளிருந்து மெல்ல ரபீகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நீங்க வந்தது பெரிய சந்தோசம். ஒங்களால இந்தக் கலியாணமே நிண்டுபோகப் பாத்தது, தெரியுமா?"

"என்னாலயா?"

"மொறைப் பொண்ணு ஒண்டு கண்டியில ஈக்காமே, அந்தப் புள்ளட பாவம் எங்களுக்கு வேணாம் எண்டு எங்கட வாப்பா செல்லிட்டார். அப்ப மச்சான்தான், இல்ல முதலாளி, அவ என்ட உம்மாட்டப் பால் குடிச்சவ, எனக்குத் தங்கச்சி எண்டார். மாமிக்கு அது ஞாபகமே இல்லயாம். இவர்தான் போய் ஞாபகப்படுத்தினாராம். நல்ல ஞாபகசக்தி மச்சானுக்கு."

பால் மறக்காத வயதில் நடந்ததாகச் சொன்னதை ஞாபகம் வைத்திருந்த மச்சான். ரபீகா பிடிக்கப்பட்டிருந்த தன் கையைப் பார்த்தாள். மருதாணி இட்ட அந்த விரல்களில் ஒரு கள்ளமும் இல்லை. நிக்காஹ் இன்னும் முடியவில்லை. அதற்குள் "மச்சான்" இவளுடையதாகிவிட்டிருந்தது.

ஹபீல் உள்ளே வந்தான். பெண்கள் வழிவிட்டார்கள். தொப்பி சாயாமல் குனிந்து தாலியை மஸீனாவின் கழுத்தில் வைத்தான். முகத்தில் வாட்டம் எதுவும் இல்லை; புழுக்கத்தில் கொஞ்சம் வியர்த்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு நுனியையும் பின்னால் கொண்டுவந்து ரபீகாவிடம் நீட்டினான்.

"மாட்டு தங்கச்சி."

ரபீகா கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு அந்த அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சத்தம் போடாமல் தெளிவாகச் சொன்னாள்.

"நீங்களே மாட்டுங்க மச்சான்."

நாவலப்பிட்டிப் பெண்களுக்குக் காது மந்தம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. பன்னீர்ச் செம்பு சுற்றிக்கொண்டிருந்தவள் நின்றாள். மாமி முந்தானையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டாள். மஸீனா முக்காட்டை விலக்கி ரபீகாவைப் பார்த்தாள், பிறகு ஹபீலைப் பார்த்தாள். அவன் கொக்கியோடு போராடினான். வளையத்தை ஒருதரம் நழுவவிட்டான், இன்னொருதரமும் நழுவவிட்டான். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம் என்பதுபோல அறை பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ரபீகா போய் உட்கார்ந்த தட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. ஆளாளுக்கு அடுத்த தட்டில் இடுக்கிக்கொண்டு, அங்கிருந்தே அவளைப் பார்த்தார்கள். அவள் கை கழுவி, பிஸ்மில்லாஹ் சொல்லி, சோற்றில் கை வைத்தாள்.

கடைசியில் உம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன வேலை புள்ள செஞ்சு வச்சீக்கிறாய்? எல்லாரும் பாக்கிறாங்க."

ரபீகா ஆறு பேருக்கு வைத்திருந்த இறைச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.