ஐந்து மீட்டருக்கு மேல்

லோகப்பிரியா அளவு நாடாவின் நுனியைப் புளியமரத்தின் பட்டையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்துல் குத்தூஸ் மற்ற நுனியை இழுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் போனான். பாதி வழியில் அவன் உருவம் மறைந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

“நாம ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சாலும் எட்டாதுங்க. எட்டுச்சுன்னா பஸ்ல போறவங்க வேற மாதிரி பேசிப்போடுவாங்க.”

அது சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரித்தாள்.

குத்தூஸ் உக்கடத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவள் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். மாலைக் கல்லூரியில் இருவரும் மரங்களைப் பற்றிய சான்றிதழ் வகுப்புக்குப் போகிறவர்கள். ஆனைமலைக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். பேசிப் பேசிக் கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான்: நெஞ்சு உயரத்தில் ஐந்து மீட்டரோ அதற்கு மேலோ சுற்றளவு உள்ள மரங்களை விட்டுவிடுவார்கள், ரோடு அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். மற்றவை போய்விடும். அளக்கிற வேலையை வகுப்பிடமே கொடுத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்தப் பகுதி இவர்கள் இருவருக்கும் விழுந்தது.

மாற்றிக்கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவள் அப்பா அங்கப்பன் தன் பச்சை ஆம்னி வேனை இந்த மரத்தின் மேல்தான் மோதினார். மோதியவர் அங்கேயே இறந்துபோனார். மரத்தின் முன்னால் போய் நின்றால் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தாள். வந்து நின்று கொஞ்ச நேரமாகிவிட்டது. வெயில் ஏறியதும் தாகம் எடுத்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. தன்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற பழைய சந்தேகம் மட்டும் மறுபடி வந்தது. சாவு வீட்டிலும் அவள் அழவில்லை. அத்தைமார்கள் அதைப் பேசிக்கொண்டார்கள்.

அம்மா மயிலாத்தாள் அன்றிலிருந்து இந்த ரோட்டில் வந்ததே இல்லை. எதிரே வண்டி வந்ததா, அப்பா கண்ணயர்ந்தாரா, யாருக்கும் தெரியாது. பழி போட ஓர் ஆள் இல்லாமல் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுற்றிப் போகும் பஸ்ஸில் ஆனைமலைக்குப் போய், மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தாள். மோசம் செய்தவர்களுக்கு எதிராகத்தான் எல்லோரும் அரைப்பார்கள். அம்மா மரத்தின் பேரைச் சொல்லி அரைத்தாள். ரோட்டுக்கு மரங்களை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றாள். வெள்ளிக்கிழமை போய், பலித்ததற்கு நன்றியாக அம்மனுக்கு எண்ணெய்க்காப்புச் செய்ய வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரியையும் துணைக்குக் கூப்பிட்டு வைத்திருந்தாள். ஆறு வருடங்களில் அவள் நன்றாகத் தூங்கியது இந்த இரண்டு வாரங்களில்தான்.

குத்தூஸ் மரத்தைச் சுற்றி வந்து நாடாவைச் சேர்த்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். நான்கு மீட்டர் தொண்ணூற்றேழு.

நாடா எங்காவது சரிந்திருக்குமோ என்று அவன் இன்னொரு முறை சுற்றினான். அதே அளவுதான் வந்தது. காலையிலிருந்து பார்த்ததில் ஐந்தை நெருங்கிய மரமே இது ஒன்றுதான். அவன் முகம் வாடிவிட்டது. நின்றவாக்கில் மேலே கிளைகளைப் பார்த்தான். பிறகு, மூன்று சென்டிமீட்டர்தானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள், ஐந்து என்றே எழுதிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் கூடாது என்றாள். செரி விடுங்க என்று அவனும் எழுதிக்கொண்டான்.

அவ்வளவுதான். அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு இனி ஒரு குறையும் இல்லை. அவள் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஆனால் ரோட்டைப் பார்த்த பக்கம், நெஞ்சு உயரத்தில், மரம் உருண்டையாக இல்லை. ஒரு கதவின் அகலத்துக்குச் சப்பையாக இருந்தது. நாடா அங்கே மரத்தைத் தொடாமல் நேராகப் போயிருந்தது. புளி என்றால் கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்று குத்தூஸ் அதைக் கவனிக்கவில்லை. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பட்டை மூடிவிட்டது. அப்பாவை எடுத்துப்போன மறுநாள் சித்தப்பாவோடு வந்தபோது அவள் பார்த்திருந்தாள். அந்த இடம் அப்போது உரிந்து வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

அடிபட்ட இடத்தில் அளக்கக்கூடாது. காயத்துக்கு மேலே, மரம் சீராகும் இடத்தில்தான் நாடாவைப் போட வேண்டும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது. கம்பெனியில் ஒரு குழாயின் நசுங்கிய பக்கத்தில் காலிப்பரை வைத்து அளந்தால் யாரும் அந்த அளவை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்தாள். அது வேறு மரமாகக்கூட இருக்கலாம். இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் விரும்பினாள். சப்பையின் ஓரத்தில் பட்டை உதடுபோல மடிந்திருந்தது. அதற்குள் விரலை விட்டுத் தடவினாள். கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. தகரம். மரம் அதைப் பாதி விழுங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பச்சை பெயிண்ட்.

குத்தூஸ் பைக்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, போலாமுங்களா என்றான்.

“மறுபடி அளக்கோணுங்க,” என்றாள். “இந்தச் சப்பை தானா வந்ததில்ல. அடிபட்ட எடம்.”

“எப்பிடிச் சொல்றீங்க?”

“எங்கப்பா வேன் மோதுனதுங்க.”

அவன் பைக்கை விட்டு இறங்கினான். பைக்கின் ஸ்டாண்டைப் போட்டான். அப்படியென்றால் நீங்கள் ஏன் அளக்க வேண்டும், வேறு யாரையாவது வரச் சொல்லலாம் என்றான். அவன் குரலில் பரிவு இருந்தது. அது தன்மேல் படவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். நுனியைப் பிடிங்க என்றாள்.

சப்பை முடிகிற இடத்துக்கு மேலே, கையை நன்றாக உயர்த்திப் பிடித்து அளந்தார்கள். ஐந்து மீட்டர் மூன்று சென்டிமீட்டர். அவன் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினான். சந்தோஷப்பட வேண்டியவன் தலையைக் குனிந்துகொண்டே எழுதினான்.

பொள்ளாச்சி வரை பைக்கில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கிணத்துக்கடவில் இறங்கினாள். அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாம். வெட்டுகிறவர்கள் வரும்போது தெரிந்துகொள்ளட்டும். ஆனால் அதற்குள் எண்ணெய்க்காப்பு முடிந்திருக்கும். நடக்காததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பாள். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மரத்தை வெட்ட மாட்டாங்கமா. அளவு மேல இருக்குது.”

அம்மாவின் கை நின்றது.

“ஆரு அளந்தது?”

“நாந்தானுங்கமா.”

“கொறச்சுச் சொல்ல முடியலியா கண்ணு?”

முதலில் குறைவாகத்தான் வந்தது, அந்தக் குறைவு அப்பாவின் வண்டியால் வந்தது, அதனால் மறுபடி அளந்தேன் என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் கம்பெனியில் மேஸ்திரியிடம் பேசும் குரல்போல இருப்பது அவளுக்குக் கேட்டது. அம்மா திட்டுவாள் என்று நின்றாள். அம்மா திட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“நான் அதைப் பாத்ததே இல்ல,” என்றாள். “எத்தன பெருசு இருக்கும்?”

எண்ணைச் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது. லோகப்பிரியா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பீரோ சிறியது. கதவு போதாது. குறுக்களவைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“இந்தக் கட்டில் அகலத்துக்கு இருக்குமுங்கமா. நாலு விரல் கூட.”

அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தான் படுக்கிற ஓரத்திலிருந்து சுவரோர ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

“இத்தன பெருசு,” என்றாள். “இது எப்பிடி அவருக்குத் தெரியாமப் போச்சு?”

லோகப்பிரியாவும் கட்டிலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த துணிகளில் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.